கால் ஊன்றும் உயரம்: மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்

ஒட்டுசுட்டான் தொடக்கம் மல்லாவி வரை, இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: உயரம் குறைந்த ஒருவர் மோட்டார் சைக்கிளின் சீற்றைத் தனக்கேற்ற அளவுக்குப் பதிப்பது எப்படி? பஸ் அடிக்கடி ஓடாத ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் கிளினிக்குக்கும் வீட்டில் நிற்கிற மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும். அது பெரும்பாலும் அண்ணனுக்கோ கணவனுக்கோ பார்த்து வாங்கியதாக இருக்கும். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 48 கிலோ. வீட்டில் பல்சர் 150 இருக்கிறது. ஏறி இருந்தால் இரண்டு பக்கமும் கால்விரல் நுனிதான் முட்டுகிறது. முள்ளியவளைக்குப் படிப்பிக்கப் போக வேண்டும். பின் சொக்கை (அதிர்வு தாங்கியை)க் கட்டையாக்கித் தரலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?
- ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: சொக்கில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய அளவு சீற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பொஞ்சில் குறைக்கிற ஒவ்வொரு மில்லிமீற்றரும் முழுதாக உங்கள் காலுக்கு வரும். மோட்டார் சைக்கிளின் ஓட்டம் மாறாது. சொக்கில் குறைப்பது அப்படியல்ல. எஞ்சினின் அடி, ஸ்ராண்ட், ஹெட்லைற், திருப்பம் எல்லாவற்றிலும் அது பங்கு கேட்கும்.

முதலில் அளவெடுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில் மேலே இறுக்கிப் பிடித்து, புத்தகத்தின் மேல் விளிம்பில் இருந்து நிலம் வரை அளந்து பாருங்கள். உங்கள் உயரத்தவருக்கு இது பெரும்பாலும் 67 முதல் 70 சென்ரிமீற்றர் வரை வரும். 69 என்று வைப்போம். பல்சர் 150 இன் சீற் உயரம் 785 மி.மீ. வித்தியாசம் 95 மி.மீ. அடி தடித்த சப்பாத்துப் போட்டால் அதில் 20 போய்விடும். நீங்கள் ஏறி இருக்கும்போது பின் சொக்கும், முன் சில்லைப் பிடிக்கும் போர்க்கும் அமுங்குவதில் இன்னும் 15, 20 போகும். மிச்சம் 55, 60 மி.மீ. குதிக்காலை அவ்வளவு தூக்கிக்கொண்டு பாதத்தின் முன்பகுதியில் நிற்க எவராலும் முடியும். அப்படியானால் உங்களுக்கு ஏன் நுனிவிரல் மட்டும் முட்டுகிறது? சீற்றின் அகலம்தான் காரணம். கால் நேரே கீழே இறங்குவதில்லை. சீற்றின் ஓரத்தைச் சுற்றி வளைந்து போய்த்தான் இறங்குகிறது. அந்த வளைவில் காலின் நீளம் வீணாகிறது. உயரத்தைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள், அகலத்தைப் பற்றிக் கதைப்பவர் குறைவு. குட்டையானவர்களுக்கு உண்மையில் உதவுவது அகலத்தைக் குறைப்பதுதான்.

இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பட வேண்டும் என்றில்லை. இரு பக்கமும் பாதத்தின் முன்பகுதி ஊன்ற வேண்டும். இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினால் இடது பாதம் முழுதாகப் பதிய வேண்டும். இதுதான் இலக்கு. இதற்கு ஒவ்வொரு காலுக்கும் 35 மி.மீ. அளவு கிடைத்தால் போதும்.

காசு செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். பின் சொக் இரண்டிலும் ஸ்பிறிங்கின் அடியில் படிகள் வெட்டிய வளையம் இருக்கும். வளைந்த மூக்குள்ள ஸ்பானரால் அதைத் திருப்பி, இரண்டு பக்கமும் ஒரே படியில், ஆக மென்மையான படிக்கு விடுங்கள். நிறை குறைந்தவர் ஏறும்போது ஸ்பிறிங் போதிய அளவு அமுங்காது. அதனால் ஒரே மோட்டார் சைக்கிள் 75 கிலோ ஆளைவிட உங்களுக்கு உயரமாக நிற்கிறது. படியைக் குறைத்தால் ஐந்து மி.மீ. அளவு கிடைக்கலாம். பின்னால் ஒருவரை ஏற்றும் நாளில் இரண்டு, மூன்று படி மேலே ஏற்றிவிட மறக்க வேண்டாம்.

அடுத்தது சீற். கழற்றிப் புரட்டி வைத்து, தட்டைத் திருப்புளியால் ஸ்ரேப்பிள் கம்பிகளை நெம்பி எடுங்கள். றெக்சினை முன் பாதி மட்டும் விலக்கினால் போதும், முழுதாக உரிக்கத் தேவையில்லை. ஸ்பொஞ்ச் எவ்வளவு தடிப்பு என்று தெரியாமல் வெட்டக் கூடாது. பழைய சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றை நேரே இறக்கி, அடித்தட்டில் முட்டியதும் விரலால் பிடித்து இழுத்து அளவு பாருங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் மூன்று நாலு புள்ளிகளில் இப்படிப் பார்த்து, பேனாவால் ஸ்பொஞ்சிலேயே எழுதிவிடுங்கள். 70 மி.மீ. இருந்தால் 25 எடுக்கலாம். என்ன நடந்தாலும் 40 மி.மீ.க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். அதற்குக் கீழே போனால் அடித்தட்டின் மேடான வரம்புகள் உங்கள் எலும்பில் முட்டும்.

வெட்டுவதற்குக் கைப்பிடி இல்லாத நீளமான இரும்பறுக்கும் வாள் அலகு நல்லது. மாரியில் நனைந்த ஸ்பொஞ்ச் என்றால் இரண்டு நாள் நிழலில் காய விடுங்கள். ஈர ஸ்பொஞ்ச் பிய்யுமே தவிர அறுபடாது. மேலிருந்து ஒரே வெட்டாக 25 எடுக்காமல், 10, 10, 5 என்று மூன்று தடவையாக எடுங்கள். பிறகு முன் மூக்கின் இரு ஓரங்களையும், தொடை உரசும் இடத்தில், பக்கத்துக்கு 20 மி.மீ. சரிவாகச் சீவுங்கள். இந்தச் சீவலில் மட்டும் ஒவ்வொரு காலுக்கும் கிட்டத்தட்ட 10 மி.மீ. மேலதிகமாகக் கிடைக்கும். மேடு பள்ளத்தை 40ஆம் நம்பர் மண்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்த்துச் சமப்படுத்தலாம். கிறைண்டரில் செய்வதானால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

எவ்வளவு இலாபம் என்று அறிய ஒரு கயிறு போதும். மோட்டார் சைக்கிளை நடு ஸ்ராண்டில் அல்ல, நிமிர்த்திப் பிடித்து வைத்து, இடப்பக்க நிலத்தில் இருந்து சீற்றின் மேலாக வலப்பக்க நிலம் வரை, கால் போகிற வழியில் கயிற்றை ஒட்டிப் பிடியுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு அளவு, வெட்டிய பின் ஒரு அளவு. குறைந்த நீளத்தின் பாதிதான் ஒவ்வொரு காலுக்கும் கிடைத்தது. மேலே சொன்னபடி செய்தால் கயிறு 70 மி.மீ. அளவு குறையும், அதாவது காலுக்கு 35.

உடனே றெக்சினை அடித்து மூட வேண்டாம். பொலித்தீன் சுற்றி, றெக்சினைக் கயிற்றால் கட்டி இரண்டு மூன்று நாள் ஓடிப் பாருங்கள். வெட்டிய துண்டுகளையும் எறியாதீர்கள். கூடுதலாக வெட்டிவிட்டதாகத் தோன்றினால் ரப்பர் பசை பூசித் திரும்ப ஒட்டலாம். இரு முகத்திலும் பூசி, விரல் ஒட்டாத அளவுக்குப் பத்து நிமிடம் காயவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கடைசியில் மூடும்போது ஸ்பொஞ்சுக்கும் றெக்சினுக்கும் இடையில் மெல்லிய பொலித்தீன் ஒன்றை விரியுங்கள். தையலால் புகும் மழைத் தண்ணீர் ஸ்பொஞ்சில் ஊறினால் கார்த்திகை, மார்கழி முழுக்க ஈரச் சீற்றில்தான் இருக்க வேண்டிவரும். றெக்சினை அரை மணித்தியாலம் வெயிலில் போட்டால் நன்றாக இழுபடும். முன் மூக்கில் தொடங்கி, பிறகு பின், பிறகு இடம், வலம் என்று மாறி மாறி ஸ்ரேப்பிள் அடியுங்கள். 6 மி.மீ. கால் உள்ள துருப்பிடிக்காத கம்பி போதும். நீளமானது பிளாஸ்ரிக் தட்டைத் துளைத்து மேலே வரும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். சீற்றின் அடியில் இருக்கும் ரப்பர் பொத்தான்களைக் கழற்றி உயரம் குறைக்கச் சிலர் சொல்வார்கள். அவை இல்லாவிட்டால் அடித்தட்டு வயர்களை நசுக்கும். பழைய மோட்டார் சைக்கிள்களில் அடித்தட்டு இரும்பு; அது பற்றறி முனையில் பட்டால் சோட் ஆகித் தீப்பிடிக்கும்.

கேள்வி: பரந்தனில் குசன் வேலை செய்கிறேன். சீற்றைக் குறைத்துக் கொடுத்தால், சிலர் ஒரு மாதத்தில் திரும்பி வந்து, முன்னுக்கு வழுக்குது, அரை மணித்தியாலம் ஓடினால் நோகுது என்கிறார்கள். எங்கே பிழை?
- குசன் தொழிலாளி, பரந்தன்

பதில்: இரண்டும் இரண்டு பிழை. வழுக்குவது சரிவினால். முன் மூக்கை மட்டும் ஆழமாக வெட்டிப் பின் பக்கத்தை விட்டால் சீற் பெற்றோல் டாங்கியைப் பார்த்துச் சரியும். ஒவ்வொரு பிறேக்குக்கும் ஆள் முன்னுக்குப் போவார். ஆள் இருக்கும் இடம் முழுவதையும், ஒரு சாண் நீளத்துக்கு, ஒரே மட்டமாக இறக்குங்கள். அதன் பின்முனையில், பின்னால் இருப்பவருடைய பகுதி தொடங்கும் இடத்தில், ஒரு படி தானாக வரும். அந்தப் படி நல்லது. இடுப்பைத் தாங்கும். நீர்மட்டக் குழாய் ஒன்றை வைத்துப் பாருங்கள். மூக்குப் பக்கம் சற்று உயர்ந்து நின்றால்கூடப் பரவாயில்லை, தாழக் கூடாது.

நோவது ஸ்பொஞ்சின் தரத்தினால். 70 மி.மீ. மென்மையான ஸ்பொஞ்ச் ஆளைத் தாங்கும். அதே ஸ்பொஞ்ச் 40 மி.மீ.க்கும் குறைந்தால் முழுதாக அமுங்கித் தட்டில் முட்டும். ஆகவே 35 எடுத்து, அதன் மேல் 10 மி.மீ. கெட்டித் தகடு ஒட்டுங்கள். செருப்பின் அடிக்குப் பாவிக்கிற ஈவீஏ தகடு நன்றாக நிற்கும். துகள்களை ஒட்டி அழுத்திச் செய்த கெட்டி ஸ்பொஞ்ச் கிடைத்தால் அதைவிட நல்லது. தகட்டின் ஓரத்தைச் சரிவாகச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் தொடையில் கோடு விழும். விரலால் அமத்திப் பார்த்து நல்ல மெத்தென்று இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்லும் சீற்தான் ஒரு மணித்தியாலத்தில் நோகும். கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

றெக்சின் தெரிவிலும் கவனம் வேண்டும். பளபளப்பான மெல்லிய றெக்சின் வழுக்கும். சிறு சொரசொரப்புள்ள, துணி முதுகுள்ளதை எடுங்கள்.

கேள்வி: எனக்கு 5 அடி 1. பின் சொக் இரண்டையும் மாற்றினேன். பழையதில் மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் இடை 335 மி.மீ., புதியதில் 305. கால் ஓரளவு எட்டுகிறது. ஆனால் சைட் ஸ்ராண்டில் விட்டால் நிமிர்ந்து நின்று விழப் பார்க்கிறது, நடு ஸ்ராண்டில் ஏற்ற முடியவில்லை, இரவில் எதிரே வருபவர்கள் லைற்றைப் பதி என்று கத்துகிறார்கள். உரப்பை ஏற்றினால் பின் ரயர் எங்கோ உரசுகிறது.
- விவசாயி, மல்லாவி

பதில்: நீங்கள் எழுதிய நாலும் ஒரே காரணத்தால் வந்தவை. 30 மி.மீ. குறைந்த சொக்கைப் போட்டதும், சொக் சாய்ந்து நிற்பதால், பின் சில்லு ஏறக்குறைய 35 மி.மீ. மேலே ஏறிவிட்டது. ஆனால் நீங்கள் இருப்பது பின் அச்சுக்கு மேலே அல்ல, அதில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் முன்னே. அதனால் சீற் இறங்கியது 23 மி.மீ. அளவுதான். 35 செலவழித்து 23 வாங்கியிருக்கிறீர்கள். ஸ்பொஞ்சில் இதே அளவு ஒரு பின்னேரத்தில் கிடைத்திருக்கும். செய்தாயிற்று, இனி அதைச் சரியாக்குவோம்.

ஆபத்தானது ரயர் உரசுவது, அதை முதலில் பாருங்கள். உரசும்போது றப்பர் சீவப்படும். பாரத்தோடு பள்ளத்தில் விழுந்தால் மட்காட் ரயரைப் பிடித்துச் சில்லை நிறுத்திவிடக்கூடும். சோதிக்க இப்படிச் செய்யுங்கள். சொக்கின் பளபளப்பான தண்டு வெளியே எவ்வளவு தெரிகிறது என்று அளவெடுங்கள். 80 மி.மீ. என்றால், முழுதாக அமுங்கிய நீளம் 305இல் 80 போக 225. ஒரு தட்டை இரும்பில் 225 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு, சொக் இரண்டையும் கழற்றி, அந்த இரும்பைச் சொக்கின் இடத்தில் பூட்டுங்கள். இப்போது சில்லு நிற்பதுதான் ஆகக் கூடிய பள்ளத்தில் அது நிற்கப் போகிற இடம். ரயருக்கும் மட்காட்டுக்கும், பின் லைற் வயர்களுக்கும், நம்பர் தகட்டு போல்ற்றுகளுக்கும் இடையில் 15 மி.மீ.யாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொக் உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஆகாது. உரப்பை 50 கிலோ. பாரம் ஏற்றுபவர் இவ்வளவு கட்டையான சொக் போடவே கூடாது என்பதே எங்கள் முடிவு. 15 மி.மீ. மட்டும் குறைந்த, அதாவது 320 மி.மீ. சொக்குக்கு மாறி, மிச்சத்தைச் சீற்றில் எடுங்கள்.

லைற்: பின்பக்கம் 35 மி.மீ. தாழ்ந்தால் முழு மோட்டார் சைக்கிளும் ஒன்றரைப் பாகை மேலே பார்க்கும். 25 மீற்றர் தூரத்தில் ஒளி 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்துவிடும். எதிரே வருபவருக்குக் கண் கூசும் என்பது ஒரு பக்கம். ரோட்டில் படுத்திருக்கும் மாடு உங்களுக்குத் தெரியாது என்பது மறு பக்கம். சுவரில் இருந்து 5 மீற்றர் தள்ளி, நீங்கள் ஏறி இருக்க, இன்னொருவர் லைற்றின் நடு உயரத்தைச் சுவரில் குறிக்கட்டும். பதித்த ஒளியின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 5 சென்ரிமீற்றர் அளவு கீழே நிற்கும்படி ஹெட்லைற் திருகைத் திருப்புங்கள்.

சைட் ஸ்ராண்ட்: வெட்டி ஒட்ட வேண்டும். எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதைவிட, முதலில் 15 மி.மீ. மட்டும் எடுத்துப் பாருங்கள். போதாவிட்டால் பிறகு 5, 5 ஆக எடுக்கலாம். வெட்டுவது நடுத்தண்டின் நேரான பகுதியில். உள்ளே ஒரு இரும்புக் கம்பியை ஊசி போல விட்டு, சுற்றிவர ஒட்ட வேண்டும். முனைக்கு முனை வைத்து ஒட்டினால் ஒருநாள் முறியும். ஒட்டும்போது பற்றறியின் மறைக் கம்பியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அதோடு அடியில் 60க்கு 60 மி.மீ. அளவில் 4 மி.மீ. தகடு ஒன்றையும் ஒட்டிவிட்டால், மழைக்குப் பிறகு வயற்கரை மண்ணில் ஸ்ராண்ட் புதையாது.

நடு ஸ்ராண்டைப் பொறுத்தவரை, மோட்டார் சைக்கிள் தாழ்ந்ததால் அதை முன்பைவிட உயரத் தூக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். 20 மி.மீ. தடிப்பில் ஒரு பலகைத் துண்டை வீட்டில் வைத்து, பின் சில்லை அதில் ஏற்றிவிட்டு ஸ்ராண்டை மிதித்தால் முன்போலவே ஏறும். ஸ்ராண்டின் கால்களை வெட்டுவதானால் இரண்டும் அச்சொட்டாக ஒரே அளவாக இருக்க வேண்டும்.

சொக்கை மாற்றியவர்கள் மறந்துபோகும் இரண்டு விடயம்: செயினும் பின் பிறேக்கும். பின் சில்லைப் பிடித்திருக்கும் சுவிங் ஆமின் சாய்வு மாறியதால் செயினின் தளர்வும் மாறியிருக்கும். ஒருவர் ஏறி இருக்க, செயின் ஆக இறுகும் இடத்தைத் தேடி, அங்கே 25 முதல் 35 மி.மீ. தளர்வு வையுங்கள். பின்னுக்கு டிரம் பிறேக் என்றால் மிதியில் 20 முதல் 30 மி.மீ. சும்மா அசைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

குளக்கட்டில் ஏறி இறங்கும் பாதையில் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கட்டின் முதுகில் முன் சில்லு அப்பால் இறங்க, பின் சில்லு இப்பால் நிற்க, நடுவில் எஞ்சினின் அடிதான் முட்டும். நல்ல கிறவல் வீதியில் தெரியாத குறைவு அங்கே தெரியும். எண்ணெய் கழற்றும் போல்ற்றின் தலையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விழுந்திருந்தால் கூடுதலாக இறக்கிவிட்டீர்கள்.

கேள்வி: பின்பக்கம் இறக்கினால் முன்பக்கமும் இறக்க வேண்டுமாம். போர்க்கை எவ்வளவு மேலே தள்ளலாம்?
- மெக்கானிக் பயிலுனர், வட்டக்கச்சி

பதில்: தம்பி, சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் போர்க் கூடச் சாய்ந்துவிடும். ஹாண்டில் பாரமாகும், வளைவில் வெளிப்பக்கம் இழுக்கும். முன்னைச் சற்று இறக்கினால் அது சமப்படும். ஆனால் சீற் உயரத்துக்கு இதனால் பெரிய இலாபம் இல்லை: 12 மி.மீ. இறக்கினால் சீற்றில் 4 மி.மீ. அளவுதான் வரும்.

முதலில், போர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல் தட்டைப் பாரும். குழாயை அந்தத் தட்டுக்கு மேலே தள்ளினால்தான் முன்பக்கம் இறங்கும். குழாயைப் பக்கத்தில் இருந்து போல்ற் இறுக்கிப் பிடித்திருந்தால் நகர்த்தலாம். தொப்பி போல்ற் தட்டுக்கு மேலே இருந்து இறங்கிக் குழாயைப் பிடித்திருந்தால் நகர்த்த முடியாது. சிறிய மோட்டார் சைக்கிள்களில் பல இப்படித்தான். அதில் முயல வேண்டாம்.

நகர்த்தக்கூடியது என்றால் 10 மி.மீ., ஆகக் கூடினால் 15. நடு ஸ்ராண்டில் விட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சில்லு நிலத்தைத் தொடும் தொடாமல் நிற்கட்டும். மேல் போல்ற்றுகளைத் தளர்த்தி, பிறகு கீழ்த் தட்டின் போல்ற்றுகளைத் தளர்த்தி, ஒரு பக்கம் 5, மறு பக்கம் 5 என்று மாறி மாறி நகர்த்தும். கடைசியில் இரு பக்கமும் ஒரே அளவா என்று வேனியரால் பாரும். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் அச்சு கோணி நிற்கும். இறுக்கும் அளவு கம்பனிக் கையேட்டில் உள்ளபடி.

முடிந்ததும் போர்க் குழாயில் ஒரு பிளாஸ்ரிக் கட்டுப்பட்டியை இறுக்கிக் கட்டி, அடியில் உள்ள ஒயில் சீல் வரை தள்ளிவிட்டு, மேடு பள்ளமான பாதையில் ஓடி, முன் பிறேக்கையும் பலமாகப் பிடித்துப் பாரும். பட்டி எவ்வளவு மேலே போயிருக்கிறதோ அவ்வளவு போர்க் அமுங்கியிருக்கிறது. முழுதாக அமுங்கும்போது மட்காட் கோர்னிலோ கீழ்த் தட்டிலோ முட்டக் கூடாது. ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிறேக் குழாயும் கிளச் கேபிளும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் ஆளிடம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என்னுடையது பின்னுக்கு ஒற்றைச் சொக் உள்ள 150 சீசீ. இணையத்தில் உயரம் குறைக்கும் இணைப்புத் தகடு விற்கிறார்கள். அதைப் போடலாமா? இல்லாவிட்டால் ஸ்பிறிங்கில் ஒரு சுற்று வெட்டலாமா?
- மாணவன், புதுக்குடியிருப்பு

பதில்: ஸ்பிறிங்கை வெட்டாதீர். ஒரு சுற்றுக் குறைந்த ஸ்பிறிங் மென்மையாகாது, விறைப்பாகும். வெட்டிய முனை வளையத்தில் சமமாகக் குந்தாது. சில்லு நிலத்தை விட்டு எழும்பும்போது ஸ்பிறிங் தளர்ந்து கழன்று விளையாடும். வெட்டுவதற்குச் சூடு காட்டினால் அந்த இடம் உடையும். ஒற்றைச் சொக் சிலவற்றில் அழுத்தமான வாயு இருக்கிறது. அதைத் திறப்பதோ துளைப்பதோ உயிருக்கு ஆபத்து.

தகடு பற்றி: குனிந்து சொக்கின் கீழ் முனையைப் பாரும். அது நேரே சுவிங் ஆமில் பூட்டப்பட்டிருந்தால், மாற்றுவதற்குத் தகடு என்று ஒன்றே இல்லை. சொக்குக்கும் சுவிங் ஆமுக்கும் இடையில் முக்கோணத் துண்டும் இரண்டு பட்டை இரும்பும் இருந்தால் மட்டும்தான் அந்தத் தகடு பொருந்தும். அங்கும் சிறிய மாற்றம் பெரிதாகத் தெரியும்: தகட்டில் 5 மி.மீ. நீளம் கூடினால் பின் சில்லில் 15, 20 மி.மீ. கூட வரலாம். பட்டறையில் புதிதாக ஓட்டை துளைத்த தகட்டை நம்ப வேண்டாம். இரண்டு தகட்டிலும் ஓட்டை மயிரிழை மாறினாலும் சொக் கோணலாக இழுத்து அதன் ஒயில் சீல் ஒழுகும். சட்டகத்தில் புதிய பிடி ஒட்டுவதும் வேண்டாம். சட்டக எண் பொறித்த இடத்தில் கிறைண்டர் பட்டாலோ, வாகனத்தை விற்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் நீர்தான்.

கேள்வி: குடும்பநல சேவையில் இருக்கிறேன். ஸ்கூட்டர்தான் ஓடுகிறேன். டியோவின் சீற் 765 மி.மீ. என்கிறார்கள், ஆனாலும் கால் எட்டுவது கஷ்டமாக இருக்கிறது. ஏன்?
- பூநகரி

பதில்: ஸ்கூட்டரின் சீற் அகலம், அதோடு கால் வைக்கும் தட்டும் காலை வெளியே தள்ளுகிறது. ஆகவே முன் மூக்கின் இரு ஓரங்களையும் பக்கத்துக்கு 25 மி.மீ. சீவி, மேலே 15 முதல் 20 இறக்கினால் போதும். சீற்றின் பிணைச்சலும் பூட்டும் இருக்கும் இடத்தில் தொடாதீர்கள். பின் சொக்கை மட்டும் கட்டையாக்க வேண்டாம். ஸ்கூட்டரில் எஞ்சினே சில்லோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது. சொக் கட்டையானால் எஞ்சின் எழும்பிச் சீற்றுக்கு அடியில் உள்ள பெட்டியின் அடியில் முட்டும்.

உங்கள் வேலையில் பைகளும் பெட்டியும் கூடவே வரும். கால் தட்டில் வைத்த பை காலை இறக்க விடாது. பின் கம்பியில் கட்டுங்கள்.

கேள்வி: மடுப் பக்கம் காட்டுப் பாதையில் ஓட, ஜப்பானில் இருந்து வந்த பழைய ஹொண்டா பஜா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். உயரம் 5 அடி 3. இறக்கி ஓடலாமா?
- வவுனியா

பதில்: பஜா 250இன் சீற் 875 மி.மீ. அளவில் நிற்கிறது. 5 அடி 3க்கு அதைப் பொருத்தமாக்க 70, 80 மி.மீ. குறைக்க வேண்டும். அவ்வளவு குறைத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் அந்த உயரமும் சொக்கின் நீண்ட அசைவும் போய்விடும். அதே இனத்தில் யமஹா செரோ 225 ஏறக்குறைய 810; சீற்றும் ஒடுங்கியது, நிறையும் குறைவு. அதைத் தேடுங்கள். சாதாரண வேலைக்கென்றால் ஸ்பிளெண்டர் 785. வாங்கப் போகும்போது வழக்கமாகப் போடும் சப்பாத்தோடு போய், நிமிர்த்திப் பிடித்து, ஹாண்டிலை இரு பக்கமும் திருப்பி, ஸ்ராண்டை ஏற்றி இறக்கி, பின்னோக்கி நாலடி தள்ளிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: சீற் குறைத்தாயிற்று. ஓடும்போது பயமில்லை, நிற்பாட்டும்போதுதான் பயம். இரண்டு முறை இடப்பக்கம் சாய்ந்து விழப் பார்த்தேன்.
- நெடுங்கேணி

பதில்: இடப்பக்கம்தான் என்பதில் காரணம் இருக்கிறது. நாங்கள் ரோட்டின் இடது ஓரத்தில் நிற்கிறோம். தார் முடிந்து கிறவல் தொடங்கும் இடத்தில் நாலு விரல் பள்ளம் இருக்கும். இடது கால் அந்தப் பள்ளத்தைத் தேடிப் போகிறது. 35 மி.மீ. குறைத்த சீற்றால் 80 மி.மீ. பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆகவே தாரின் விளிம்பில் இருந்து ஒரு முழம் உள்ளே நிற்பாட்டுங்கள், அல்லது முழுதாகக் கிறவலில் இறங்கி நிற்பாட்டுங்கள். ஒரு சில்லு தாரிலும் ஒரு கால் பள்ளத்திலும் வேண்டாம்.

நிற்பதற்குப் பத்து மீற்றர் முன்பே முதல் கியருக்கு வந்து, ஹாண்டில் நேராக இருக்கட்டும். ஹாண்டில் திரும்பியபடி முன் பிறேக்கைப் பிடித்தால் மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கம் விழும். மணலில் இன்னும் வேகமாக. கடைசி இரண்டு மீற்றரில் முன் பிறேக்கை விட்டுப் பின் பிறேக்கால் மட்டும் நிற்பாட்டுங்கள். வலது கால் பிறேக்கிலேயே இருக்கட்டும். இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது பாதத்தை முழுதாகப் பதியுங்கள். இரண்டு காலையும் ஒன்றாகக் கீழே விட்டுத் தடவுவதுதான் விழுத்துவது. மேட்டில் நின்று புறப்படும்போதும் இதே முறைதான்: பின் பிறேக் வண்டியைப் பிடித்திருக்க, கிளச்சை மெல்ல விட்டு, வண்டி முன்னே இழுக்கத் தொடங்கியதும் பிறேக்கை விடுங்கள்.

சாய்ந்துவிட்டால் ஓரளவுக்கு மேல் தாங்கிப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். பல்சருக்கு ஏறக்குறைய 145 கிலோ நிறை. சாய்ந்த பிறகு கையால் நிற்பாட்ட முடியாது, தோள்மூட்டுத்தான் போகும். காலை வெளியே எடுத்துக்கொண்டு விழ விடுங்கள். தூக்கும்போது எஞ்சினை நிற்பாட்டி, முடிந்தால் முதல் கியரில் விட்டு, சைட் ஸ்ராண்ட் மேற்பக்கம் இருந்தால் அதை விரித்துவிட்டு, முதுகை மோட்டார் சைக்கிளின் பக்கம் கொடுத்து, ஒரு கையால் ஹாண்டில் பிடியையும் மற்றக் கையால் சீற்றின் பின் கம்பியையும் பிடித்து, காலால் தள்ளிப் பின்னோக்கி நடந்து நிமிர்த்துங்கள். வீட்டு முற்றத்தில், பழைய மெத்தை ஒன்றின் மேல் மெதுவாகச் சாய்த்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு நாலைந்து முறை தூக்கிப் பழகலாம்.